தெளிவும் இலக்கும்: தன்மேம்பாட்டுச் செயலமர்வுகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தெளிவாகச் சிந்திக்கும் ஆற்றலை ஒருவர் மற்றொருவருக்குப் பயிற்றுவிக்க முடியுமா? முடியுமாயின், அதற்கென ஒரு கூட்டத்தைக் கூட்டுவோர், அங்கு வருவோர் தொடர்பில் எத்தகைய கடப்பாடுகளை ஏற்கின்றனர்? இவ்விரு வினாக்களுள் முன்னையதை உளவியலாரும் கல்வியியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். பின்னையது அறவியலுக்கு உரியது. அது அதிகம் கேட்கப்படுவதில்லை. ஆளுமை விருத்தி, தலைமைத்துவம், இலக்கு நிர்ணயம் என்னும் பல பெயர்களில் செயலமர்வுகள் இன்று எமது கல்விக்கூடங்களில் நடைபெறுகின்றன. வளவாளர் ஒருவர் வருவார். குழுச் செயற்பாடுகள் இடம்பெறும். ஐந்து ஆண்டுகளின் பின்னர் நீர் எங்கே இருப்பீர் என்று வெள்ளைத் தாளில் எழுதுமாறு பணிக்கப்படும். மாலையில் சான்றிதழ் கையளிக்கப்படும். இவற்றை எள்ளி நகையாடுதல் எளிது. கலைப்பீடத்தாராகிய எமக்கு அது இன்னும் எளிது. ஆயின் நகைப்பு ஒரு வாதமன்று. இத்தகைய அமர்வொன்றை மாணவராகிய நாமே ஒழுங்கு செய்ய முற்பட்டால், அதனை நேர்மையோடு செய்வது எவ்வாறு என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

முதலில் ஒரு கதையைக் குறிப்பிடல் வேண்டும். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வெளியேறிய மாணவருள் நூற்றுக்கு மூவரே தம் வாழ்க்கை இலக்குகளை எழுத்தில் வைத்திருந்தனர் என்றும், இருபது ஆண்டுகளின் பின்னர் அம்மூவர் ஈட்டிய செல்வம் ஏனைய தொண்ணூற்றெழுவரின் செல்வத்தையும் விஞ்சியிருந்தது என்றும் அக்கதை கூறும். இலக்கு நிர்ணயம் பற்றிய நூல்களிலும் உரைகளிலும் அது உலகெங்கும் எடுத்தாளப்பட்டுள்ளது. உண்மை யாதெனில், அப்படி ஓர் ஆய்வு நடைபெறவேயில்லை. அதனைத் தேடிச் சென்றோர் வெறுங்கையோடு திரும்பினர். அத்தகைய ஆய்வுக்குத் தம்மிடம் எவ்விதச் சான்றும் இல்லையென்று அப்பல்கலைக்கழகத்தாரும் கூறியுள்ளனர். தெளிந்த சிந்தனையைக் கற்பிக்கும் மேடையிலேயே ஆராயப்படாத ஒரு கதை சான்றாக நிற்பது வெறும் தவறு மட்டுமன்று. நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படுவதாயின் உண்மையைச் சோதிக்க வேண்டியதில்லை என்ற ஓர் எண்ணம் அதனுள் மறைந்துள்ளது. கேட்போர் ஊக்கம் பெற்றால் போதும் என்று கருதுவோர், கேட்போரின் அறிவைப் பயன்படுத்துகின்றனரே அன்றி அதனை மதிக்கின்றனர் எனல் இயலாது.

இக்கதை பொய்யாதலால் இம்முயற்சி முழுவதும் பொய் என்று முடிவு செய்தலும் அளவையியலுக்கு ஒவ்வாது. சிந்தனையின் வழுக்கள் சில நன்கு ஆராயப்பட்டவை. அவற்றை அறிந்திருத்தல் பயன் தரும். கானிமன், ற்வேர்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் 1979இல் 'திட்டமிடல் வழு' என ஒன்றைச் சுட்டினர். ஒரு பணி எத்துணைக் காலம் எடுக்கும் என மதிப்பிடுகையில், இதற்கு முன் இத்தகைய பணிகள் எத்துணைக் காலம் எடுத்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்; மனத்தில் ஒழுங்காக விரியும் ஒரு கதையை மட்டுமே காண்கிறோம். றோஜர் பியூலரும் அவர்தம் துணைவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு எம்மைப் போன்ற மாணவரைப் பற்றியது. இறுதியாண்டு ஆய்வேட்டை எப்பொழுது முடிப்பீர் என்று வினவியபோது அம்மாணவர் கூறியது சராசரி ஏறத்தாழ 34 நாள்கள். யாவும் மிக மோசமாக அமைந்தால் எத்துணை நாள்கள் என்று வினவியபோது கூறியது ஏறத்தாழ 49. உண்மையில் எடுத்ததோ 55 நாள்களுக்கும் மேல். தம் தீய கனவிலும் அவர்கள் மிகையான நம்பிக்கை உடையவராய் இருந்தனர்! ஆய்வேட்டின் ஈற்றதிகாரத்தை ஒப்படைக்கும் நாளின் முன்னிரவில் தட்டச்சுச் செய்யும் மரபு எமது பீடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதில் ஒருவகை ஆறுதல் உண்டு. ஒரு செயலமர்வு இதனை எடுத்துரைத்து, சென்ற ஆண்டு மாணவர் எத்துணை நாள்கள் எடுத்தனர் என்று கேட்டறியும் பழக்கத்தை உண்டாக்குமாயின் அதன் பயன் சிறிதன்று.

ஆயினும் இவை யாவும் வழியைப் பற்றியவை. ஆய்வேட்டை எவ்வாறு உரிய காலத்தில் முடிப்பது என்று அவை கூறும். அதனை ஏன் எழுதுகிறோம் என்று கேளா. ஈண்டுதான் சிக்கல் எழுகிறது.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஆறாம் நூலில் இரு ஆற்றல்களை வேறுபடுத்துவார். குறித்த இலக்கு எதுவாயினும் அதனை எய்துவதற்கான வழிகளைக் கண்டு கைக்கொள்ளும் திறன் ஒன்று. அதனைச் சாதுரியம் எனலாம். இலக்கு நல்லதாயின் அது பாராட்டுக்குரியது. தீயதாயின் வெறும் தந்திரம். மற்றையது விவேகம். அது சாதுரியம் இன்றி அமையாது. ஆனால் நல்லது எது என்று காணும் கண்ணும் அதற்கு உண்டு. இன்றைய செயலமர்வுகள் பெரும்பாலும் கற்பிப்பது சாதுரியத்தையே. உமது இலக்கு எதுவாயினும் அதனை எய்த இதோ ஏணி என்கின்றன. ஏணி எந்தச் சுவரில் சார்த்தப்பட்டுள்ளது என்று பார்ப்பதில்லை.

எமது மரபிலும் இச்சிந்தனை உண்டு. திருக்குறளின் பொருட்பாலில், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில், வினைத்தூய்மை அறுபத்தாறாம் அதிகாரம். வினைத்திட்பம் அறுபத்தேழாம் அதிகாரம். வினைசெயல்வகை அதற்கு அடுத்தது. செயலின் உறுதியையும் செய்யும் முறையையும் பேசுவதற்கு முன்னரே செயலின் தூய்மை பேசப்பட்டுவிடுகிறது. செயலமர்வு மேடைகளில் எடுத்தாளப்படுவன பெரும்பாலும் திட்பம் பற்றிய குறள்களே என்பதை உற்று நோக்கின், எதனை விட்டுவிட்டோம் என்பது விளங்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானது. இலக்கு என்பது அவரவர்க்குரிய தனியுரிமை. அதனை நல்லது தீயது என்று தீர்ப்பிட ஒழுங்கமைப்பாளர் யார்? அவ்வாறு செய்யப் புகின் செயலமர்வு பிரசங்க மேடையாகிவிடாதா? இவ்வச்சம் நியாயமானது. எவ்வாறு வாழ வேண்டுமென இளைஞருக்குக் கட்டளையிடுவோருக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் ஓர் இலக்கை விதித்தல் வேறு. தான் கொண்ட இலக்கைத் தானே வினவிப் பார்ப்பதற்கு ஒருவருக்கு இடமும் துணையும் அளித்தல் வேறு. பின்னையதை விளக்க ஒரு வரலாற்று எடுத்துக்காட்டைச் சற்று விரிவாக நோக்கலாம்.

1727ஆம் ஆண்டில், அப்பொழுது பிரித்தானியக் குடியேற்றமாயிருந்த பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் இருபத்தோரு வயது அச்சுத் தொழிலாளி தம் நண்பர் சிலரைக் கூட்டி 'ஜன்ரோ' என்னும் கழகத்தை அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் கூடினர். உறுப்பினர் பன்னிருவருக்கு மேற்படாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. அவர்களுள் கண்ணாடி பொருத்துவோர், சப்பாத்துத் தைப்பவர், நிலஅளவையாளர், தச்சர், எழுதுவினைஞர், அச்சகத்தார் இருந்தனர். பல்கலைக்கழகப் பயிற்சி பெற்றவர் அரியர். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒழுக்கவியல், அரசியல், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பற்றி வினா எழுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரையை வாசிக்க வேண்டும். உண்மையைத் தேடும் மனத்தோடு பேச வேண்டுமேயன்றி வெற்றி விரும்பிப் பேசலாகாது என்பது விதி. 'ஐயமின்றி இதுவே உண்மை' என்ற தொனியில் பேசுவோரும் பிறர் கூற்றை நேரடியாக மறுத்துரைப்போரும் சிறு தண்டப்பணம் கட்ட நேர்ந்தது. கணிதத்தில் வல்ல உறுப்பினர் ஒருவர் எதற்கெடுத்தாலும் துல்லியம் வேண்டுமென்று அற்ப விடயங்களுக்கும் வாதிட்டு உரையாடலைக் குலைத்தாராம், விரைவிலேயே விலகிவிட்டாராம். மெய்யியல் விரிவுரை மண்டபங்களில் அவரை நாம் இன்றும் காணலாம்.

இக்கழகத்தின் சிறப்பு அது நீண்ட காலம் நிலைத்தமையே. ஒரு நாளில் முடிவதன்று. பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1731இல் தொடங்கப்பட்ட சந்தா நூலகமும், 1736இல் அமைந்த தீயணைப்புக் குழுவும் அக்கூடல்களில் பேசப்பட்ட எண்ணங்களின் விளைவுகளே. தன்மேம்பாட்டுக்கென வந்தோர் நகரின் தேவையையும் கண்டனர். இந்திய நியாய நூலார் வாதம், செற்பம், விதண்டை என விவாதத்தை மூவகைப்படுத்துவர். உண்மை காண வேண்டி நிகழ்வது வாதம். வெல்ல வேண்டி நிகழ்வது செற்பம். தன் கொள்கை ஒன்றை நிறுவாது பிறர் கொள்கையை உடைப்பது மட்டுமே கருதுவது விதண்டை. பிராங்கிளினின் தண்டப்பணம் முதலாவதைக் காத்து ஏனைய இரண்டையும் தடுக்கும் வேலி. எமது விவாதப் போட்டிகளும் பட்டிமன்றங்களும் இரண்டாம் வகையில் சிறந்த பயிற்சி அளிப்பவை; கொடுக்கப்பட்ட பக்கத்துக்காகப் பேசும் நாவன்மை அவற்றால் வளரும். முதல் வகைக்கு எம்மிடம் மேடை இல்லை. மேடை இல்லாமலே அது நடைபெற வேண்டியதும் ஆகலாம்.

இனி இதன் மறுபக்கம். பிராங்கிளின் தம் வாழ்க்கை வரலாற்றில் தம்மை நோக்கித் தாமே நகைக்கும் ஓர் இடம் உண்டு. இளமையில் புலாலுண்ணாமையை அறமெனக் கொண்டிருந்த அவர், கடற்பயணமொன்றில் மீன் பொரியும் மணத்தை நுகர்ந்தார். மீன்களின் வயிற்றிலிருந்து சிறு மீன்கள் எடுக்கப்படுவதைக் கண்டதும், நீங்கள் ஒருவரை ஒருவர் உண்ணும்போது உங்களை நாங்கள் உண்பதில் தவறென்ன என்று தமக்குள் நியாயம் கற்பித்து வயிறார உண்டார். பகுத்தறிவுள்ள பிராணியாய் இருப்பதில் எத்துணை வசதி, செய்ய விரும்பியதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்கலாமே என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். சிந்தனைத் திறன் வளர்ந்தால் தவறுகள் குறையும் என்ற எமது நம்பிக்கைக்கு இது பெரிய எச்சரிக்கை. திறன் வளர வளர, முன்னரே முடிவு செய்ததற்குக் காரணம் காட்டும் திறனும் வளர்கிறது. பிறர் சிந்தனையில் சார்பைக் காண்பதும் தம் சிந்தனையில் அதனைக் காணாமையும் மனிதரின் பொது இயல்பென 2002இல் எமிலி புறொனின் முதலியோர் ஆய்வால் காட்டினர். வழுக்களின் பட்டியலை மனனம் செய்து செயலமர்விலிருந்து வெளியேறும் ஒருவர், அப்பட்டியலை முதலில் பிரயோகிப்பது தம்மீதன்று, அறைத் தோழர்மீதே.

மீன் கதையிலாவது நகைக்க இடமுண்டு. அடுத்ததில் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒழுக்கவியல் வினாக்களை ஆராய்ந்த அதே பிராங்கிளின் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். 1729 முதல் அவர் நடத்திய செய்தித்தாளில் அடிமைகளை விற்பதற்கான விளம்பரங்கள் வெளியாயின. பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்று, சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் தம் குற்றங்களைக் கரும்புள்ளியிட்டுக் குறித்தவர் அவர். பட்டியலில் முதலில் பன்னிரண்டே இருந்தன. உம்மிடம் செருக்கு உண்டென நண்பர் ஒருவர் எடுத்துரைத்த பின்னரே பணிவு சேர்ந்தது. நீதியும் அப்பட்டியலில் ஒன்று. அவ்வேட்டின் எந்தக் கட்டத்திலும் அடிமை விளம்பரத்துக்குப் புள்ளி விழுந்ததாகத் தெரியவில்லை. செருக்கைச் சுட்டிக்காட்ட ஒரு நண்பர் இருந்தார். மற்றதைச் சுட்டிக்காட்டக்கூடியவர் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கவில்லை.

அவர் மனம் மாறியது எவ்வாறு? 1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட பாடசாலை ஒன்றுக்குச் சென்று, அப்பிள்ளைகள் கற்பதை நேரிற் கண்டார். அவர்தம் இயற்கை ஆற்றல் பற்றித் தாம் முன்பு கொண்டிருந்த கருத்து உயர்ந்துவிட்டது என்று அதன் பின்னர் கடிதம் எழுதினார். மாற்றம் உடனடியாக முழுமை பெறவில்லை. 1787இல்தான் அவர் அடிமையொழிப்புச் சங்கமொன்றின் தலைவரானார். 1790இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர், அமெரிக்கக் காங்கிரசுக்கு அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். முப்பத்தாறு ஆண்டுகாலக் கலந்துரையாடல் காட்டாததை ஒரு பாடசாலையின் வாங்குகள் காட்டத் தொடங்கின. கலந்துரையாடல் வீண் என்பது இதன் பொருளன்று. கண்டதை எண்ணிப் பார்த்து எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் நேர்மை அவருக்கு அக்கழகத்தில் பெற்ற பழக்கத்தால் வந்திருக்கலாம். ஆனால் தெளிவு என்பது தலைக்குள் மட்டும் நிகழும் ஒன்றன்று; யாரோடு அமர்ந்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இதனைப் பிறநாட்டார் குற்றமாக மட்டும் வாசித்து மகிழ எமக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்தில் கற்றோரும் சொல்வல்லாரும் நிறைந்திருந்த காலத்திலேதான் சக மனிதரைத் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடாத வழக்கம் நிலவியது. அதனை எதிர்த்து 1966 முதல் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அக்கற்றோரின் தருக்கத்தில் குறை கூறல் கடினம். வழக்கத்தைக் காக்க அவர்கள் காட்டிய நியாயங்கள் ஒழுங்காகவே அடுக்கப்பட்டிருந்தன.

இவ்விடத்தில் எமது செயலமர்வுக்கு மீள்வோம். இலக்கை எழுதுக என்று ஒரு மாணவரிடம் தாளை நீட்டும்போது என்ன நிகழ்கிறது? அவர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர் எனக் கொள்வோம். தந்தையின் கடன், தங்கையின் படிப்பு, ஊரார் எதிர்பார்ப்பு யாவும் அவரோடு கூட மண்டபத்தில் அமர்ந்துள்ளன. அவர் 'அரச உத்தியோகம்' என்று எழுதுகிறார். இது அவருடைய இலக்கா, குடும்பத்தின் இலக்கா? தனிமனித இலக்கு என்ற சொல்லே இங்கு தடுமாறுகிறது. பெரிதாகக் கனவு காண் என்று மேடையிலிருந்து அறிவுறுத்தல் அவரைப் புரிந்துகொள்ளாமையின் அடையாளம். குடும்பத்தின் சுமையைத் தன் இலக்காக ஏற்பது தெளிவின்மையன்று. நன்கு சிந்தித்து ஏற்றதாகவும் இருக்கலாம். ஏற்றதா, ஏற்றப்பட்டதா என்று அவரே அமைதியாக எண்ணிப் பார்க்க வாய்ப்பிருந்ததா என்பதே வினா. அதற்கு ஒரு பகல் போதாது, ஒலிபெருக்கியும் உதவாது.

இதனினும் பாரதூரமானது பழி பற்றிய வினா. உன் தோல்விக்குக் காரணம் உன் இலக்கின் தெளிவின்மையே என்று கூறும் உரை, வெற்றி பெற்றோருக்கு இனிக்கும். பட்டம் பெற்ற பின்னரும் நியமனம் கேட்டு வீதியோரம் அமர்ந்திருந்த பட்டதாரிகளை இந்நாடு பன்முறை கண்டுள்ளது. 2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அப்பிள்ளைகள் தம் இலக்கை எத்துணைத் தெளிவாக எழுதியிருப்பினும் என்ன? எழுதுவதற்கே தாள் இல்லை. எம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிக என்று எப்பிக்றீற்றஸ் கற்பித்தார். அவர் அடிமையாய் வாழ்ந்தவர், ஆதலின் அவர் சொல்லுக்குத் தனி எடை உண்டு. இன்றைய வளவாளரும் அதனைக் கூறுவர். ஆனால் அப்போதனை துன்புறுவோர் உடைந்துவிடாது காக்க எழுந்தது. துன்பத்துக்கு அவரையே பொறுப்பாக்க எழுந்ததன்று. வசத்தில் இல்லாதவற்றின் பட்டியலையும் நேர்மையாக எழுதவிடாத செயலமர்வு, தெளிவைக் கற்பிக்கிறது என்று கூறிக்கொள்ளலாகாது. அப்பட்டியலை நால்வர் ஒருங்கே அமர்ந்து எழுதினால், தனித்தனியே வசத்தில் இல்லாத சில, கூடி முயன்றால் வசமாகக்கூடும் என்பதும் வெளிப்படலாம். இருநூறு நூல்கள் வாங்க வசதியற்ற தொழிலாளர் கூடி நூலகம் கண்டது அவ்வாறே.

எமது சங்கம் இதனைச் செய்யுமாயின், நான் விரும்புவது மிக எளிய ஓர் ஏற்பாடு. மண்டபம் வேண்டா, விரிவுரை முடிந்த பின் வெறுமையாகும் சிற்றறை ஒன்று போதும். ஒரு தவணை முழுவதும் வாரம் ஒருமுறை, பன்னிருவர். ஒரே பீடத்தார், ஒரே ஊரார், ஒரே விடுதியார் என அமையாதவாறு தெரிவு செய்தல் வேண்டும்; இயலுமாயின் சிங்கள மாணவரும், விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் பணிபுரிவோருள் விரும்புவோரும் இருத்தல் நன்று. மொழி இடையூறு செய்யும் என்பர். மெதுவாகப் பேச வைக்கும் எதுவும் இத்தகைய கூடலுக்கு இடையூறாகாது. முதல் வாரத்தில் ஆய்வேட்டு நாள்கணக்குப் போன்ற சிறு விடயங்களே பேசப்படட்டும். நம்பிக்கை வளர்ந்த பின்னரே இலக்குப் பற்றிய பேச்சு. எந்தக் கதையையும் புள்ளிவிபரத்தையும் கூறுபவர், அதனை எங்கே பெற்றார் என்று கேட்கப்பட்டால் விடை கூறக் கடமைப்பட்டவர். விடை இல்லையெனின் ஒரு தேநீருக்குரிய பணம் தண்டம்.

சான்றிதழ் வழங்குவதா என்பது குறித்து எம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. சான்றிதழ் இல்லையெனின் எவரும் வரார் என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். நேர்முகப் பரீட்சைகளில் கோவையைப் புரட்டிப் பார்க்கும் உலகில் அவர்கள் கூற்றைப் புறந்தள்ளல் இயலாது. ஆயினும் பன்னிருவரைத் தேடுவதே எமது தேவை, இருநூற்றுவரை அன்று. அறிவித்தலில் சான்றிதழ் வழங்கப்படமாட்டாது என்ற வரியை முதலில் அச்சிட்டுவிட்டு, அதனை வாசித்த பின்னரும் பெயர் கொடுப்போர் எத்துணைப் பேர் எனப் பார்க்கலாம். நான் ஒன்பது பேர் என மதிப்பிடுகிறேன். திட்டமிடல் வழுவைக் கருத்திற் கொண்டு அதனை ஆறாகக் குறைத்துக்கொள்ளவும் ஆயத்தமாயுள்ளேன்.